தவறி விழுந்தார் என்று எழுதினால் போதுமா?

நாளிதழைப் பிரிக்கிறோம். உள்பக்கத்தில் ஒரு மூலையில் சின்னச் செய்தி இருக்கிறது.

"கட்டடத் தொழிலாளி பலி. புதிதாகக் கட்டி வரும் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் வேலை செய்து கொண்டிருந்த தொழிலாளி, எதிர்பாராத விதமாகக் கால் தவறிக் கீழே விழுந்து இறந்தார். போலீசார் விசாரித்து வருகிறார்கள்."

இது போன்ற செய்தியை நாம் எத்தனையோ முறை பார்த்திருப்போம். படிக்கத் தெரியாத காலத்தில் பிறர் படிக்கக் கேட்டிருப்போம். "ஐயோ பாவம், அவன் விதி" என்று சொல்லியிருப்போம். பிறகு வேறு வேலையைப் பார்க்கப் போயிருப்போம்.

இன்று அந்தச் செய்தியை இன்னொரு முறை நிதானமாகப் படிப்போம்.

என்ன தெரிகிறது? ஒருவர் இறந்தார் என்று தெரிகிறது. மூன்றாவது மாடி என்று தெரிகிறது. ஏன் இறந்தார் என்று தெரிகிறதா?

"கால் தவறி" என்று எழுதியிருக்கிறதே, அது காரணம் இல்லையா?

யோசித்துப் பாருங்கள். கால் தவறாத மனிதர் உண்டா? நாம் வீட்டு வாசலில் தடுக்கி விழுகிறோம். எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுப் போகிறோம். அதே கால் மூன்றாவது மாடிச் சாரத்தில் தவறினால் உயிர் போகிறது. இரண்டிலும் கால் ஒன்றுதான். மாடியில் இருக்க வேண்டிய ஏதோ ஒன்று அங்கே இல்லை. அது என்ன என்பதுதான் கேள்வி.

அந்தக் கேள்விக்கு விடை சில காகிதங்களில் இருக்கும். அந்தக் காகிதங்களைப் படிப்பது எப்படி? படித்து அடுத்த சாவைத் தடுப்பது எப்படி? இதுதான் இந்தப் பாடம்.

ஒரு சாவு, பல காகிதங்கள்

வேலையிடத்தில் ஒருவர் இறந்தால் பல காகிதங்கள் எழுதப்படுகின்றன. அவற்றை ஒவ்வொன்றாகத் தெரிந்து கொள்வோம்.

முதல் தகவல் அறிக்கை. இதை எப்.ஐ.ஆர். என்றும் சொல்வார்கள். போலீஸ் நிலையத்தில் முதலில் எழுதுவது இதுதான். எங்கே, எப்போது, என்ன நடந்தது என்று இதில் இருக்கும். புகார் கொடுத்தவருக்கு இதன் நகலை இலவசமாகத் தர வேண்டும்.

பிரேத விசாரணை அறிக்கை. உடல் கிடந்த நிலை, காயங்கள், பார்த்தவர்கள் சொன்னது ஆகியவை இதில் இருக்கும்.

பிரேதப் பரிசோதனை அறிக்கை. இதை டாக்டர் எழுதுவார். உடலில் எங்கே அடிபட்டது, எதனால் உயிர் போனது என்று இதில் இருக்கும். உயரத்தில் இருந்து விழுந்ததா, மின்சாரம் தாக்கியதா, மூச்சுத் திணறியதா என்று இது சொல்லும்.

விபத்து அறிவிப்பு. வேலையிடத்தில் மரணம் நேர்ந்தால் முதலாளி அரசு அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும். கட்டடத் தொழிலாளர்களுக்கென 1996-ஆம் ஆண்டு வந்த சட்டத்தில் இந்த விதி இருந்தது. அந்தச் சட்டத்தின் இடத்தில் இப்போது 2020-ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் இருக்கிறது. அது 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. அதிலும் இந்த விதி உண்டு.

விசாரணை அறிக்கை. அரசின் பாதுகாப்பு ஆய்வாளர் வேலையிடத்துக்கு வந்து பார்த்து எழுதுவது. பெரிய விபத்து என்றால் அரசு தனியாக விசாரணைக் கமிஷன் அமைக்கும். அதுவும் ஓர் அறிக்கை எழுதும்.

போலீஸ் காகிதத்தின் முக்கியமான கேள்வி, "யார் குற்றவாளி?" என்பது. டாக்டர் காகிதத்தின் கேள்வி, "உயிர் எப்படிப் போனது?" என்பது. இரண்டும் தேவைதான். நாம் இன்னொரு கேள்வியையும் கேட்க வேண்டும். "எது இருந்திருந்தால் இவர் பிழைத்திருப்பார்?" இந்தக் கேள்வியோடு படித்தால் எல்லாக் காகிதமும் நமக்குப் பாடம் சொல்லும்.

படித்துப் பார்ப்போம்

கீழே இரண்டு காகிதங்கள் இருக்கின்றன. இவை படித்துப் பழகுவதற்காக எழுதிய மாதிரிகள். உண்மையான ஆளைப் பற்றியவை அல்ல.

முதல் காகிதம்: "மூன்றாவது மாடி வெளிச்சுவரில் பூச்சு வேலை செய்து கொண்டிருந்தபோது, மாலை சுமார் 5.30 மணிக்குச் சாரத்தில் இருந்து கால் தவறிக் கீழே விழுந்தார். தலையில் பலத்த அடி. பெல்ட் அணியவில்லை. மருத்துவமனைக்குப் போகும் வழியில் இறந்தார்."

இரண்டாவது காகிதம்: "சாரத்தில் நிற்பதற்கு ஒரே ஒரு பலகை இருந்தது. பலகையின் முனைகள் கட்டப்படவில்லை. பக்கத்தில் கைப்பிடிக் கம்பு இல்லை. பெல்ட்டுகள் ஸ்டோர் ரூமில் இருந்தன. பெல்ட்டின் கொக்கியை மாட்டுவதற்குச் சுவர்ப் பக்கம் கம்பியோ கயிறோ இல்லை. பலகை ஆடுகிறது என்று காலையிலேயே ஒரு கொத்தனார் மேஸ்திரியிடம் சொன்னதாகக் கூறுகிறார்."

ஒரு வாசிப்பு மையத்தில் இந்தக் காகிதங்களைப் படிக்கிறார்கள் என்று வைத்துக் கொள்வோம். இருபது வருடமாகச் சித்தாள் வேலை பார்க்கும் ஓர் அக்காவும், புதிதாகக் கொத்து வேலை பழகும் ஒரு தம்பியும் பேசிக் கொள்கிறார்கள்.

"பெல்ட் போடலைன்னு எழுதியிருக்கே அக்கா. அப்போ அது அவரோட தப்புதானே?"

"ரெண்டாவது காகிதத்தையும் படி தம்பி. பெல்ட் எங்கே இருந்துச்சு?"

"ஸ்டோர் ரூம்ல."

"சரி, எடுத்துப் போட்டுக்கிட்டார்னே வச்சுக்க. கொக்கியை எதுல மாட்டுவார்?"

தம்பி மறுபடியும் எழுத்துக் கூட்டிப் படிக்கிறான். "மாட்டுறதுக்கு ஒண்ணுமே இல்லைன்னு போட்டிருக்கு."

"அப்போ இடுப்புல பெல்ட் இருந்தும் விழுந்திருப்பார். இப்போ சொல்லு, ஏன் விழுந்தார்?"

"பலகை புரண்டிருக்கும்."

"பலகை ஏன் புரண்டுச்சு?"

"முனையைக் கட்டலை."

"கட்டலைன்னு யாருக்காவது தெரியுமா?"

"காலையிலேயே ஒரு கொத்தனார் சொல்லியிருக்கார்."

"காலையில சொன்னாங்க. சாயங்காலம் அஞ்சரைக்கு விழுந்தார். நடுவுல ஒரு பகல் முழுசா இருந்துச்சு, இல்லையா?"

தம்பி ஒன்றும் பேசவில்லை.

ஒரு "ஏன்" கேட்டால் "கால் தவறியது" என்று விடை வருகிறது. இன்னொரு "ஏன்" கேட்டால் பலகை வருகிறது. இன்னும் கேட்டால் கயிறு வருகிறது. இன்னும் கேட்டால், சொன்ன சொல்லை யாரும் கேட்காதது வருகிறது. காலை மாற்ற முடியாது. பலகையைக் கட்டலாம். கைப்பிடிக் கம்பு வைக்கலாம். கொக்கி மாட்டக் கயிறு கட்டலாம். "ஆடுகிறது" என்று ஒருவர் சொன்ன உடனே வேலையை நிறுத்தலாம். நாம் கையால் மாற்றக் கூடிய காரணம் வரும்வரை "ஏன்" என்று கேட்க வேண்டும்.

நான்கு சுவர்கள்

ஒரே ஒரு காகிதத்தைப் படித்தால் ஒரு சாவு தெரியும். பல காகிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் வேறொன்று தெரியும். நம் நாட்டில் நடந்த நான்கு விபத்துகளைப் பார்ப்போம்.

2014 ஜூலை 6. தமிழ்நாட்டில் திருவள்ளூர் மாவட்டம். ஒரு கிடங்கின் உயரமான சுற்றுச்சுவர் அதிகாலையில் இடிந்தது. பக்கத்தில் குடிசைகளில் தூங்கிக் கொண்டிருந்த 11 பேர் இறந்தார்கள். ஆந்திரப் பிரதேசத்தில் இருந்து வேலைக்கு வந்தவர்கள்.

2019 ஜூன் 29. மகாராஷ்டிர மாநிலம் புனே நகரம், கோந்த்வா பகுதி. நள்ளிரவுக்குப் பிறகு ஒரு குடியிருப்பின் சுற்றுச்சுவர் இடிந்தது. அதன் அடியில் தகரக் கொட்டகைகளில் கட்டடத் தொழிலாளர்கள் குடும்பத்தோடு தங்கியிருந்தார்கள். 15 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் பீகாரில் இருந்து வந்தவர்கள்.

2019 ஜூலை 1. அதே புனே நகரம், ஆம்பேகாவ் பகுதி. இரவில் ஒரு கல்லூரியின் சுற்றுச்சுவர் தொழிலாளர் கொட்டகைகள் மேல் விழுந்தது. 6 பேர் இறந்தார்கள்.

2024 மே 7. தெலங்கானா மாநிலம் ஐதராபாத் அருகில் பாச்சுப்பள்ளி. அடுக்குமாடி வீடுகள் கட்டும் இடத்தில் ஒரு தடுப்புச் சுவர் தொழிலாளர் கொட்டகைகள் மேல் சரிந்தது. 7 பேர் இறந்தார்கள். அவர்களில் 4 வயதுக் குழந்தையும் ஒன்று. ஒடிசாவில் இருந்தும் சத்தீஸ்கரில் இருந்தும் வந்த குடும்பங்கள்.

நான்கும் சேர்த்து 39 உயிர்கள். தனித் தனியாகப் பார்த்தால் நான்கு ஊர், நான்கு விபத்து. "மழையில் சுவர் இடிந்தது" என்று செய்தி வரும். அதோடு முடிந்து விடும்.

சேர்த்துப் படிப்போம். நான்கிலும் எவை ஒன்றாக இருக்கின்றன?

நான்கிலும் மழை. நான்கிலும் உயரமான சுவர். நான்கிலும் சுவரின் அடியில் கொட்டகை. நான்கிலும் ஊர் விட்டு ஊர் வந்த தொழிலாளர்கள். இறந்தபோது இவர்கள் சாரத்தில் நிற்கவில்லை. தங்கும் இடத்தில் இருந்தார்கள். தலையில் ஹெல்மெட் வைத்துக் கொண்டு யாரும் தூங்குவதில்லை. ஆகவே "ஹெல்மெட் போடுங்கள்" என்ற எச்சரிக்கை இந்த 39 பேரையும் காப்பாற்றியிருக்காது.

எது காப்பாற்றியிருக்கும்? கொட்டகையைச் சுவரில் இருந்து தள்ளிப் போட்டிருந்தால் காப்பாற்றியிருக்கும்.

சுவர் ஏன் மழையில் விழுகிறது? சுவருக்குப் பின்னால் மேடான மண் இருந்தால், மழையில் அந்த மண் தண்ணீர் குடித்துக் கனக்கிறது. கனத்த மண் சுவரைத் தள்ளுகிறது. சுவரில் தண்ணீர் வடியும் துளைகள் இல்லாவிட்டால் தண்ணீரும் சேர்ந்து தள்ளும். சுவரின் அடியில் யாராவது அஸ்திவாரத்துக்குத் தோண்டியிருந்தால் சுவரின் கால் பலம் இழந்து நிற்கும். ஆகவே சுவர் எவ்வளவு உயரமோ, அதைவிட அதிக தூரம் தள்ளிக் கொட்டகை போட வேண்டும். சுவர் விழுந்தாலும் கொட்டகை மேல் விழாது.

கோந்த்வாவுக்கும் ஆம்பேகாவுக்கும் நடுவில் மூன்றே நாள். ஊரும் ஒன்று, மழையும் ஒன்று. முதல் சுவர் விழுந்த அன்றே நகரத்தில் உள்ள எல்லாச் சுவரடிக் கொட்டகைகளையும் காலி செய்திருந்தால்? பதிவைப் படித்தால் மட்டும் போதாது, உடனே செயல்பட வேண்டும் என்பதை இந்த மூன்று நாள் நமக்குச் சொல்கிறது.

இடியா, தூணா?

2014 ஜூன் 28, சனிக்கிழமை மாலை. சென்னை மௌலிவாக்கத்தில் கட்டி வந்த 11 மாடிக் கட்டடம் மழை நேரத்தில் அப்படியே சரிந்தது. 61 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் ஆந்திரா, ஒடிசா, தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் இருந்தார்கள்.

இடி விழுந்ததால் கட்டடம் சரிந்தது என்று அப்போது ஒரு பேச்சு எழுந்தது. இடி என்றால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது. யாரும் பொறுப்பும் ஏற்க வேண்டாம்.

தமிழ்நாடு அரசு ஓய்வு பெற்ற நீதிபதி ரெகுபதி தலைமையில் விசாரணைக் கமிஷன் அமைத்தது. கட்டடத்தின் வடிவமைப்பில் குறை இருந்தது, தூண்களுக்குப் போதிய தாங்கும் பலம் இல்லை என்பது விசாரணையில் தெரிய வந்தது.

இதனால் என்ன பயன்? பக்கத்தில் அதே நிறுவனம் கட்டிய இன்னொரு 11 மாடிக் கட்டடம் நின்று கொண்டிருந்தது. இடிதான் காரணம் என்று நம்பியிருந்தால் அதில் குடும்பங்கள் குடியேறியிருக்கும். 2016 நவம்பர் 2 அன்று அந்தக் கட்டடத்தை வெடி வைத்துத் தகர்த்தார்கள். அதனால் இன்னொரு பெரும் ஆபத்து நீங்கியது.

"விதி" என்று சொன்னால் விசாரணை அங்கேயே முடிந்து விடும். "தூண்" என்று சொன்னால் அடுத்த கட்டடத்தின் தூணை யாராவது போய்ப் பார்ப்பார்கள்.

காப்பாற்றப் போனவர்கள்

வெளிநாட்டில் இருந்தும் ஒரு செய்தியைப் பார்ப்போம். அமெரிக்காவில் தொழில் பாதுகாப்பை ஆராயும் ஓர் அரசு நிறுவனம் உண்டு. 1982-ஆம் ஆண்டு அது ஒரு திட்டத்தைத் தொடங்கியது. வேலையிடத்தில் யாராவது இறந்தால், ஆய்வாளர்கள் நேரில் போய் விவரம் கேட்டு அறிக்கை எழுதுவார்கள். இறந்தவரின் பெயரை அதில் போட மாட்டார்கள். கம்பெனியின் பெயரையும் போட மாட்டார்கள். யாருக்கும் தண்டனை வாங்கித் தருவது அந்த அறிக்கையின் வேலை இல்லை. எப்படி நடந்தது, எப்படித் தடுக்கலாம் என்று மட்டும் எழுதுவார்கள். தண்டனை தரும் வேலை வேறு அலுவலகத்துடையது.

இந்த நிறுவனம் 1986-இல் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. மூடிய தொட்டி, கிணறு, குழி போன்ற இடங்களில் இறந்தவர்களைப் பற்றிய எச்சரிக்கை அது. அப்படி இறந்தவர்களில் 100-க்கு 60 பேருக்கு மேல், உள்ளே விழுந்தவரைக் காப்பாற்றப் போனவர்கள்!

நம் ஊரிலும் இதைப் பார்க்கிறோம். புதிதாகக் கட்டிய தண்ணீர்த் தொட்டியில் சென்ட்ரிங் பலகை பிரிக்க ஒருவர் இறங்குகிறார். தொட்டி பல நாளாக மூடிக் கிடந்தது. உள்ளே ஈரப் பலகை, தேங்கிய தண்ணீர். மூச்சுக்கு வேண்டிய காற்று இல்லை. இறங்கியவர் மயங்கி விழுகிறார். மேலே இருந்தவர் பதறி இறங்குகிறார். அவரும் விழுகிறார். மூன்றாமவரும் இறங்குகிறார்.

இறங்கியவர்கள் கோழைகளும் அல்ல, கவனம் இல்லாதவர்களும் அல்ல. கூட வேலை செய்தவன் மேல் பாசம் உள்ளவர்கள். ஆனால் தொட்டியில் இருப்பது கண்ணுக்குத் தெரியாத ஆபத்து.

ஆகவே தொட்டிக்குள் முதல் ஆளை இறக்கும் முன்பே எல்லாம் தயாராக இருக்க வேண்டும். மூடிகளைத் திறந்து வைக்க வேண்டும். காற்று ஊதும் கருவி வைத்து உள்ளே நல்ல காற்றைச் செலுத்த வேண்டும். காற்றைச் சோதிக்கும் கருவியால் சோதிக்க வேண்டும். எரியும் தீக்குச்சியையோ விளக்கையோ இறக்கிப் பார்ப்பது ஆபத்து. உள்ளே எரியும் வாயு இருந்தால் தீப்பிடிக்கும். இறங்குகிறவர் உடம்பில் கயிறு கட்டியிருக்க வேண்டும். கயிற்றின் மறுமுனை மேலே இருக்க வேண்டும். அப்போதுதான் உள்ளே இறங்காமலே அவரைத் தூக்க முடியும். ஒருவர் மயங்கிவிட்டால் யாரும் குதிக்கக் கூடாது. உடனே தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்ல வேண்டும்.

கைநாட்டு வைக்கும் முன்

வேலையிடத்தில் ஒருவர் இறந்த அன்று, அவர் குடும்பம் அழுது கொண்டிருக்கும். அந்த நேரத்தில் யாராவது ஒரு காகிதத்தை நீட்டலாம். "இதில் ஒரு கையெழுத்துப் போடும்மா. உடலைச் சீக்கிரம் வாங்கிக் கொண்டு ஊருக்குப் போகலாம்" என்று சொல்லலாம்.

அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருக்கும்? "என் கணவர் தன் கவனக் குறைவால் தவறி விழுந்தார். யார் மீதும் எனக்குப் புகார் இல்லை. இனி எந்தப் பணமும் கேட்க மாட்டேன்" என்று எழுதியிருந்தால்?

எழுத்துத் தெரியாத காலத்தில் நம் கட்டைவிரலை மையில் தோய்த்து வைத்துக் கொண்டார்கள். இன்று நமக்கு எழுத்துத் தெரியும். நம் கண்ணால் படிக்கலாம். இவற்றை நினைவில் வையுங்கள்.

படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். வெற்றுக் காகிதத்தில் ஒருபோதும் போடாதீர்கள். தெரியாத மொழியில் எழுதியிருந்தால், தெரிந்த ஒருவர் வரும்வரை காத்திருங்கள்.

உங்களுக்குத் தெரிந்ததைப் போலீசிடம் முழுமையாகச் சொல்லுங்கள். "சாரத்தில் கைப்பிடி இல்லை" என்று தெரிந்தால் அதைச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னதை எழுதியிருக்கிறார்களா என்று படித்துப் பாருங்கள்.

எப்.ஐ.ஆர். நகலையும் பிரேதப் பரிசோதனை அறிக்கையின் நகலையும் கேட்டு வாங்குங்கள். இழப்பீடு கேட்க இவை வேண்டும்.

இழப்பீடு குடும்பத்தின் உரிமை. இறந்தவருக்கு உரிய இழப்பீட்டை முதலாளி அதற்கான அரசு அதிகாரியிடம் கட்ட வேண்டும் என்பதே சட்டம் சொல்லும் முறை. கையில் கொஞ்சம் பணம் கொடுத்ததோடு அது தீர்ந்து விடாது.

உதவி வேண்டுமா? நீதிமன்ற வளாகத்தில் இலவச சட்ட உதவி மையம் இருக்கும். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாக உதவி செய்வார்கள். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம்.

விசாரணை அறிக்கையை வாங்க இன்னொரு வழியும் உண்டு. அது 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம். ஒரு வெள்ளைத் தாளில் என்ன வேண்டும் என்று எழுதி, 10 ரூபாய்க் கட்டணத்தோடு விண்ணப்பிக்கலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். விசாரணை நடந்து கொண்டிருக்கும்போது சில காகிதங்களைத் தர மறுக்கலாம். விசாரணை முடிந்த பிறகு மறுபடியும் கேளுங்கள்.

நாமே எழுதும் பதிவு

சாவு வந்த பிறகுதான் காகிதம் எழுத வேண்டுமா? வேண்டியதில்லை.

மேலே இருந்து செங்கல் விழுகிறது. ஒரு முழ தூரத்தில் நின்றவர் தப்பிக்கிறார். எல்லோரும் சிரித்துவிட்டு வேலையைத் தொடர்கிறார்கள். நாளை அதே இடத்தில் இன்னொரு செங்கல் விழும். அங்கே ஒருவர் நின்று கொண்டிருப்பார்.

தப்பித்த விபத்தும் ஒரு பாடம்தான். உயிரை விலையாகக் கேட்காமல் சொல்லித் தரும் பாடம். ஆகவே வேலையிடத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். பெயர் எழுத வேண்டாம். யாரையும் திட்ட வேண்டாம். நடந்ததை மட்டும் எழுதுங்கள். இப்படி:

திங்கள் காலை. இரண்டாவது மாடி லிப்ட் குழிக்கு மூடி இல்லை. ஜல்லி சுமந்து வந்த சித்தாள் ஓரத்தில் கால் வைத்துவிட்டார். பின்னால் வந்தவர் பிடித்து இழுத்தார். செய்ய வேண்டியது: பலகை போட்டு ஆணி அடிக்க வேண்டும்.

புதன் மதியம். கம்பி தூக்கும்போது மேலே போகும் மின்கம்பிக்கு மிக அருகில் போய்விட்டது. செய்ய வேண்டியது: மின் வாரியத்தில் சொல்ல வேண்டும். அதுவரை அந்தப் பக்கம் கம்பி தூக்கக் கூடாது.

வெள்ளி காலை. ஆள் ஆழத்துக்கும் மேல் தோண்டிய குழியின் ஓரத்தில் வெட்டிய மண்ணைக் குவித்திருந்தது. கொஞ்சம் மண் சரிந்து விழுந்தது. செய்ய வேண்டியது: மண்ணைத் தள்ளிக் கொட்ட வேண்டும். குழிக்குள் பக்கவாட்டில் பலகை வைத்து முட்டுக் கொடுக்க வேண்டும்.

ஒவ்வொரு வரியிலும் நான்கு செய்திகள் உண்டு. எப்போது, எங்கே, என்ன நடந்தது, என்ன செய்ய வேண்டும். வாரம் ஒரு முறை எல்லோரும் கூடி இதைச் சத்தமாகப் படியுங்கள். மேஸ்திரியும் இன்ஜினியரும் கூட இருக்கட்டும். செய்து முடித்த வேலைக்கு நேராக ஒரு கோடு போடுங்கள். கோடு விழாத வரிதான் முதலில் கவனிக்க வேண்டிய வரி.

வேலை போய்விடுமோ என்று தனியாகச் சொல்ல ஒருவர் பயப்படலாம். அந்தப் பயம் நியாயமானது. பலர் சேர்ந்து சொன்னால் பயம் குறையும். சங்கம் இருந்தால் சங்கத்தின் மூலம் சொல்லலாம்.

நினைவில் வைப்போம்

"கால் தவறியது" என்பது நடந்த சம்பவம். அது காரணம் ஆகாது.

நம்மால் மாற்றக் கூடிய காரணம் கிடைக்கும்வரை "ஏன்" என்று கேட்க வேண்டும்.

பல பதிவுகளைச் சேர்த்துப் படித்தால் பொதுவான ஆபத்து தெரியும்.

தொழிலாளர் கொட்டகையைச் சுவரடியில் போடக் கூடாது.

தொட்டியில் மயங்கியவரைக் காப்பாற்ற யாரும் உள்ளே குதிக்கக் கூடாது.

படிக்காமல் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடக் கூடாது.

சொல் அறிவோம்

சாரம் - உயரத்தில் நின்று வேலை செய்யக் கம்புகளாலும் பலகைகளாலும் கட்டுவது.
நகல் - ஒரு காகிதத்தின் பிரதி.
இழப்பீடு - இழப்புக்கு ஈடாகச் சட்டப்படி தரும் பணம்.
தடுப்புச் சுவர் - மேட்டு மண் சரியாமல் தாங்கும் சுவர்.

விடை சொல்லுங்கள்

1. எப்.ஐ.ஆர். நகலை யாருக்கு இலவசமாகத் தர வேண்டும்?
2. நான்கு சுவர் விபத்துகளிலும் ஒன்றாக இருந்தவை எவை?
3. மௌலிவாக்கம் கட்டடத்தின் தூண்களில் என்ன குறை இருந்தது?
4. மாதிரிக் காகிதத்தில் பெல்ட் அணிந்திருந்தாலும் அவர் ஏன் பிழைத்திருக்க மாட்டார்?

செய்து பாருங்கள்

கட்டடத் தொழிலாளி இறந்த செய்தி ஒன்றை நாளிதழில் இருந்து வெட்டி எடுங்கள். வாசிப்பு மையத்தில் சத்தமாகப் படியுங்கள். அந்தச் செய்தியில் சொல்லாமல் விட்டவை எவை என்று பேசுங்கள். ஐந்து கேள்விகள் எழுதுங்கள். பிறகு அதே ஐந்து கேள்விகளை, நாளை நீங்கள் வேலைக்குப் போகும் இடத்தைப் பார்த்துக் கேளுங்கள்.